பட்டுக் கடையில் மின்திரைப் பலகை: காஞ்சிபுரத்தை முன்வைத்து

மின்திரைப் பலகை என்பது கடை, அலுவலகம், ரயில் நிலையம், கோயில் போன்ற மக்கள் கூடும் இடங்களில் எழுத்தையும் படத்தையும் அசையும் காட்சியையும் மின்னணுத் திரையில் காட்டும் ஏற்பாடு ஆகும். அச்சடித்த பலகையைப் போலன்றி, இதில் காட்டுவதை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். வணிக நூல்களில் இதற்கு டிஜிட்டல் சைனேஜ் என்று பெயர். காஞ்சிபுரம் காந்தி சாலையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குப் புரியாது. வாசலில் ஓடும் எழுத்து ‘ஸ்க்ரோலிங் போர்டு’, பெரிதாக மின்னுவது ‘எல்.இ.டி. வால்’, கடைக்குள் சுவரில் தொங்குவது வெறும் ‘டி.வி.’ அவ்வளவுதான்.

ஒரு நடுத்தரப் பட்டுப் புடவைக் கடையோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையமோ இத்தகைய திரையை எப்படித் திட்டமிட்டு அமைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆரணி, கும்பகோணம், சேலம் போன்ற மற்ற நெசவூர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தோற்றம்

ஓடும் எழுத்துப் பலகை புதிய பொருள் அன்று. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் 1928 நவம்பரிலேயே ஆயிரக்கணக்கான மின்விளக்குகளை அணைத்தும் ஏற்றியும் செய்தி வரிகளை ஓடவிட்டார்கள். எல்.இ.டி. விளக்கு வந்த பிறகும் நெடுங்காலம் சிவப்பும் பச்சையும் மட்டுமே கிடைத்தன. ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவான பின்பே முழு வண்ணத் திரை சாத்தியமாயிற்று. அதை உருவாக்கிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ரயில் வரும் நேரம் காட்டும் பலகையும், திருமலை பிரம்மோற்சவத்தில் வாகன சேவையைக் காட்டும் பெருந்திரையும் அந்த வழியில் வந்தவை.

காஞ்சிபுரத்தில் திரைக்கு என்ன வேலை

திரை வாங்கும் கடைக்காரர்களில் பலர் ‘எதிர்க்கடையில் இருக்கிறது’ என்பதற்காகவே வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அதில் எதைக் காட்டுவது என்று தெரியாமல், திரை விற்றவர் கொடுத்த மாதிரி வீடியோவே மாதக்கணக்கில் ஓடுகிறது. பட்டுக் கடையில் மீன் தொட்டியும் பனிமலையும் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் கேட்க வேண்டியது எத்தனை அங்குலம் என்பதன்று. நம் கடைக்கு வருகிறவருக்கு என்ன தெரியவில்லை என்பதே முதற்கேள்வி.

காஞ்சிபுரத்துக்கு வருகிற கல்யாண வீட்டாருக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. எதிரே விரித்துப் போட்டிருக்கும் புடவை அசல் பட்டா, கைத்தறியில் நெய்ததா, இந்த ஊரின் முறைப்படி நெய்ததா, ஜரிகை எந்தத் தரம் என்ற நான்கு கேள்விகளுக்கும் கண்ணால் பார்த்து விடை சொல்ல அவர்களால் முடியாது. விசைத்தறியில் நெய்த புடவையும் போலி ஜரிகைப் புடவையும் அதே சாலையில், அதே பளபளப்போடு விற்பனைக்கு இருக்கின்றன. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் கமிஷனுக்காக அழைத்துப் போகிறவர்கள் தனி. கைத்தறிப் புடவைக்கும் போலிக்கும் வேறுபாடு வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், விலை குறைந்ததே விற்கும். நட்டம் பிள்ளையார்பாளையத்தில் பல நாள் குழித்தறியில் உட்கார்ந்து ஒரு புடவையை நெய்தவருக்குத்தான்.

அந்த நான்கு கேள்விகளில் மூன்றுக்குத் தனித்தனி முத்திரைகள் உள்ளன. கடை ஊழியர்களே இவற்றைக் குழப்பிக்கொள்வதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சில்க் மார்க்’ மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்தது. அது நூல் அசல் பட்டு என்று மட்டுமே சொல்லும். எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. விசைத்தறியில் நெய்த அசல் பட்டுக்கும் அந்த முத்திரை கிடைக்கும். ‘ஹேண்ட்லூம் மார்க்’ 2006இல் வந்தது. அது கைத்தறியில் நெய்தது என்பதற்கான அடையாளம். மூன்றாவது, 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. அது ஊரையும் நெசவு முறையையும் சார்ந்தது. நான்காவது கேள்வியான ஜரிகைத் தரத்துக்கு இந்த முத்திரைகளைப் பார்த்து விடை காண முடியாது. அதற்குச் சோதனைதான் வழி. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது அசல் ஜரிகை. செம்புக் கம்பியும் பிளாஸ்டிக் இழையும் அந்த இடத்துக்கு வந்தால் விலை எங்கோ போய்விடும்.

இந்த நான்கு கேள்வியையும் நான்கு எளிய படங்களாகத் திரையில் காட்டினாலே போதும். மற்ற எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது. விற்பனையாளர் ஒரு நாளில் நூறு முறை சொல்ல முடியாததைத் திரை சலிக்காமல் சொல்லும்.

காட்சியை முதலில் எழுதுதல்

காட்ட வேண்டியதை வெள்ளைத் தாளில் எழுதி முடித்த பிறகே திரைக்கு விலை கேட்க வேண்டும். அப்போதுதான் எத்தனை திரை, எங்கே, எந்த அளவு என்பது தானாக விளங்கும்.

கோர்வையை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்கும். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி ஊடை இழை, தனித்தனி நாடா. ஒவ்வொரு வரியிலும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி நெய்வதுதான் கோர்வை. மூன்று நாடா ஓட வேண்டியிருப்பதால் மரபுப்படி நெய்பவருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவரும் உட்கார வேண்டும். முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு இழையோடு புதிய பாவு இழையைச் சேர்க்கும் முறைக்குப் பெட்னி என்று பெயர். அந்தச் சேர்க்கை இருக்குமிடத்தைக் கையால் தடவினாலே தெரியும். இதைப் பேச்சில் விளக்கினால் பெங்களூரிலிருந்து வந்தவருக்கு ஒன்றும் புரியாது. நாடா இடமிருந்து வலம் போய்த் திரும்புவதை இருபது நொடி காட்டி, பிறகு முடிந்த புடவையில் அதே இடத்தை அருகில் காட்டினால், அவர் தாமே கையில் இருக்கும் புடவையைப் புரட்டித் தேடுவார். அப்படித் தேட வைத்தால் திரை தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு நேர்மை விதி இருக்கிறது. திரையில் குழித்தறியையும் நெசவாளர் கையையும் காட்டிவிட்டு, அதன் கீழே விசைத்தறிப் புடவையை விரிக்கக் கூடாது. வாயால் பொய் சொல்லாவிட்டாலும் அது பொய்தான். கடையில் இரண்டு வகையும் இருந்தால், எந்த அலமாரி எது என்று திரையிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். விலை குறைந்த புடவை தேடி வருகிறவர்களும் உண்டு, அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

நெசவாளரைப் படம் பிடிக்கிறபோது அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது முறை. நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பதால், தறியோடு சேர்ந்து அடுப்படியும் குழந்தைகளும் படத்தில் விழும். எவ்வளவு காலத்துக்கு, எந்தத் திரையில், வலைத்தளத்திலும் காட்டுவோமா என்பதையெல்லாம் முன்பே பேசிவிட வேண்டும். அந்த நாளின் வேலை கெடுவதால் அதற்கான கூலியையும் கொடுத்துவிட வேண்டும். ‘உங்களுக்கும் விளம்பரம்தானே’ என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

ஒரு காட்சியில் எவ்வளவு எழுத்து இருக்கலாம்? திரையில் வரும் வாக்கியத்தை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எடுக்கும் நேரம்தான் அந்தக் காட்சி நிற்க வேண்டிய நேரம். பத்து வினாடிக்கு மேல் போனால் வாக்கியத்தைச் சுருக்க வேண்டும்.

எங்கே வைப்பது

தெருவில் போகிறவருக்கு மூன்று நொடிதான் இருக்கிறது. கடைக்குள் பாயில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை பார்க்கும் குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. பில் போடும் இடத்தில் நிற்பவருக்கு ஐந்து நிமிடம். ஒரே வீடியோவை மூன்று இடத்திலும் ஓட்டுவது, ஒன்றாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே பாடம் நடத்துவது போலத்தான்.

வாசல் திரையில் கடைப்பெயர், என்ன கிடைக்கும், இன்று திறந்திருக்கும் நேரம் ஆகியவை போதும். உள்ளே பாயில் உட்காருபவரின் கண்மட்டம் தாழ்வானது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிற்பவருக்கு ஏற்ப மாட்டிய திரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். புடவை விரிக்கும் இடத்துக்கு நேர் பின்னால் திரை வைப்பதும் தவறு. திரை வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது புடவையின் நிறம் மங்கலாகத் தெரியும். பக்கவாட்டுச் சுவர்தான் நல்லது. பெண் வீட்டார் புடவை தேர்ந்தெடுக்கும்போது பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் பக்கம் ஒரு திரை இருந்தால், நெசவு பற்றிய காட்சியை முழுமையாகப் பார்ப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். பில் போடுமிடத்தில் புடவையை எப்படி மடித்து வைப்பது, எப்போது மடிப்பு மாற்றுவது, பட்டை முதலில் எப்படி அலசுவது போன்ற குறிப்புகளைக் காட்டலாம். அங்கே போய் இன்னொரு புடவையை விற்கப் பார்க்க வேண்டாம்.

காந்தி சாலைக் கடைகள் சில பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர்க் கட்டடங்களில் இருக்கின்றன. 55 அங்குலத் திரை தாங்கியோடு சேர்ந்து 20 கிலோவைத் தாண்டலாம். அத்தகைய சுவரில் சாதாரண பிளக்கும் ஸ்க்ரூவும் நாளடைவில் இளகிவிடும். கொத்தனாரைக் கேட்காமல் துளை போடக் கூடாது. சுற்றிலும் துணி அடுக்கியிருக்கும் கடையாதலால் திரைக்குத் தனி எம்.சி.பி.யும் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது கூடவே கூடாது.

எந்தத் திரை

வீட்டு டி.வி. ஒரு நாளைக்குச் சில மணி நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கடையில் 12 மணி நேரம் ஓடும். கடையில் மாட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் அட்டையிலேயே எழுதியிருக்கும். வாங்கும் முன் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டு டி.வி.யின் வெளிச்சம் பெரும்பாலும் 250 முதல் 350 நிட் வரை. நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு. விளக்கு நிறைந்த பட்டுக் கடைக்குள் 400 முதல் 700 வரை இருந்தால் தெளிவாகத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து வைக்கும் திரைக்கு 2,500க்கு மேல் வேண்டும். வெயிலில் நிற்கும் எல்.இ.டி. பலகைக்கு 5,000 அளவில் தேவைப்படும். மேற்குப் பார்த்த கடையில் சாதாரண எல்.சி.டி. திரையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால், சித்திரை வெயிலில் அதன் நடுவே கருந்திட்டு விழுவதைப் பார்க்கலாம். திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் சூடேறித் தன் இயல்பை இழப்பதால் வருவது அது. பெரும்பாலான திரைகள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று குறிப்பிட்டிருக்கும். மே மாதக் காஞ்சிபுரம் அதைத் தாண்டும்.

எல்.இ.டி. வாலா, எல்.சி.டி. திரையா என்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. எல்.இ.டி. பலகைகளை பி 10, பி 5, பி 2.5 என்று எண்ணிட்டு விற்பார்கள். இரண்டு ஒளிப்புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பதே அந்த எண். தோராயமாக, எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் ஒட்டித் தெரியும். பி 2.5 பலகையில் 1,920 புள்ளி அகலமுள்ள முழு எச்.டி. படம் வேண்டுமானால் 4.8 மீட்டர் அகலம் வேண்டும். அதே 1,920 புள்ளிகள் 55 அங்குல எல்.சி.டி. திரையில் 1.2 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஜரிகை இழையையும் கோர்வையையும் காட்ட வேண்டிய கடைக்கு எது ஏற்றது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். திரையை நெட்டுக்குத்தாக மாட்டுவது இன்னொரு நல்ல வழி. தொங்கவிட்ட முந்தானை முழுதும் அதில் அழகாக அடங்கும். எல்லாத் திரைகளும் நெட்டுக்குத்தாக மாட்டத் தகுந்தவை அல்ல. வெப்பம் வெளியேறும் துளைகள் பக்கவாட்டுக்குப் போய்விடும் என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

மின்செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 150 வாட் எடுக்கும் திரை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட், மாதம் 54 யூனிட். வணிக இணைப்பின் கட்டணத்தால் இதைப் பெருக்கிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து

இந்தப் பகுதியில் எனக்குத் தனி அக்கறை உண்டு. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவனுக்குத் தெரியாத கரும்பலகை எழுத்து எழுதாததற்குச் சமம். திரைக்கும் அதே நியாயம்தான். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போட்ட கணக்கு. சுழியும் கொம்பும் நிறைந்த தமிழுக்கு அதில் பாதியாவது கூட்டிக்கொள்ள வேண்டும். முப்பது அடி அகலச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க நாலரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் ஓடும் பி 10 பலகையில் ஒரு துண்டு 32 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்டது. ஒரு வரிசைத் துண்டு மட்டும் வைத்தால் எழுத்துக்குக் கிடைப்பது 16 புள்ளி. அதில் ஆங்கிலம் தெளிவாக நிற்கும். தமிழில் ‘ஞ’வும் ‘ணை’யும் ‘ஜூ’வும் அப்பிய மைப்பொட்டுகளாகிவிடும். இரண்டு வரிசை வைத்து 32 புள்ளி கொடுத்தால் எழுத்து எழுத்தாகத் தெரியும். 3.2 மீட்டர் நீளப் பலகைக்கு 10 துண்டுக்குப் பதில் 20 துண்டு வேண்டும். செலவு கூடத்தான் செய்யும். கடையின் பெயரைப் படிக்க முடியாத பலகைக்குச் செலவிடும் பாதிப் பணத்தைவிட அது மேல்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. ‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்பது, புள்ளி எழுத்தை விட்டு விலகி நிற்பது போன்றவற்றைப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். ஓடும் பலகைக்கான பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாது. பழைய வகை எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடு கேட்கும் கருவியில் போட்டாலும் இதே கதிதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. வாங்கும் முன், ‘கொண்டை ஊசி, பௌர்ணமி, ஸ்ரீ, ஜரிகை, கோர்வை’ என்ற ஐந்து சொல்லைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். சரியாக வராவிட்டால் எழுத்தைக் கணினியில் படமாக மாற்றி, அந்தப் படத்தை ஓடவிடலாம்.

பிழை திருத்துவதற்கு ஒருவர் வேண்டும். ‘பட்டுப் புடவை’யில் ஒற்று விடுபட்டால் யாரும் கடையை விட்டுப் போய்விடப் போவதில்லைதான். ஆனால் விலையில் ஒரு பூஜ்யம் கூடினால் போய்விடுவார்கள். இரண்டையும் பார்க்கிற கண் ஒன்றுதான்.

மொழியைப் பொறுத்தவரை, கோயில்களுக்கு வரும் கூட்டத்தில் தெலுங்கு பேசுவோர் நிறைய. கன்னடம், இந்தி, மலையாளம் பேசுவோரும் உண்டு. தமிழ் முதலில், பிறகு ஆங்கிலம், தெலுங்கு என்று மாற்றி மாற்றிக் காட்டலாம். ஒரே காட்சியில் நான்கு மொழியைத் திணித்தால் யாராலும் படிக்க முடியாது. ஒவ்வொரு மொழியையும் அந்த மொழி தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகே ஏற்ற வேண்டும். கைப்பேசி மொழிபெயர்ப்பில் முந்தானை என்னவாக மாறும் என்பது அதற்கே வெளிச்சம்.

நிறம்

டி.வி. கடையில் பார்த்தவுடன் கவர வேண்டும் என்பதற்காகத் திரைகள் நிறத்தைக் கூட்டிக் காட்டும் நிலையில் வைக்கப்பட்டு வருகின்றன. புடவை காட்டும் திரையில் அதை முதல் நாளே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அரக்கு ரத்தச் சிவப்பாகும். மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகும். எம். எஸ். சுப்புலட்சுமிக்காக இந்த ஊரில் நெய்து, அவர் பெயராலேயே ‘எம்.எஸ். ப்ளூ’ என்று வழங்கும் நீலம் திரையில் பச்சையோரமாகச் சாய்வதும் உண்டு. அசல் புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே வண்ண அளவைச் சரிசெய்வதுதான் எளிய வழி.

பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த இரட்டை நிறப் புடவை நிழற்படத்தில் சிக்குவதே இல்லை. மயில் கழுத்து நிறம் புடவை அசையும்போதுதான் தெரியும். அதற்கு வீடியோதான் ஏற்றது. இருந்தாலும் ‘நேரில் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள்’ என்ற ஒரு வரி திரையின் ஓரத்தில் இருக்கட்டும். பின்னால் வரும் தகராறு பாதியாகக் குறையும்.

இயக்கும் கருவியும் காவலும்

ஒரே ஒரு திரை என்றால் பென்டிரைவில் வீடியோவை ஏற்றிச் செருகினாலே போதும். மூன்று நான்கு திரை, அல்லது இரண்டாவது கிளை என்றால், ஓரிடத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றும் மென்பொருள் தேவை. ‘சிபோ’ போன்ற திறமூல மென்பொருள்கள் உள்ளன. கட்டண மென்பொருள்களில் திரைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கேட்பார்கள். இணையம் அறுந்தாலும் கடைசியாக ஏற்றிய காட்சி ஓடுமா, மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமல் தானே தொடங்குமா என்ற இரண்டையும் நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆடி மழைக்கு மின்சாரம் போய் வந்து, முகூர்த்தக் கூட்டத்தின் நடுவே திரை ‘சிக்னல் இல்லை’ என்று நீலமாக நிற்பது நல்ல விளம்பரம் இல்லை.

கடவுச்சொல்லை வந்தபடியே விட்டுவிடக் கூடாது. பாட்னா ரயில் நிலையத்துத் திரைகளில் 2023 மார்ச்சில் காட்டக் கூடாத காட்சி சில நிமிடங்கள் ஓடி, நாடே பேசியது. குடும்பத்தோடு வரும் கல்யாணக் கூட்டத்தின் முன் அப்படி ஒன்று நேர்ந்தால் கடையின் பெயர் என்ன ஆகும்? யூ.எஸ்.பி. துளையை மூடி வைப்பதும், யூடியூபை நேரடியாகத் திரையில் ஓட்டாமலிருப்பதும் எளிய காவல்கள்.

ஒலி வேண்டாம் என்பது என் கருத்து. விற்பனையாளர் பேச்சும் வாங்குபவர் பேச்சும் கேட்பதே பட்டுக் கடையில் முக்கியம். திரைப்பாடல் போட விரும்பினால், ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற பதிப்புரிமை அமைப்புகளிடம் உரிமம் பெற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சட்டம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948இன் 15ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், மற்ற மொழிகள் இருந்தால் தமிழே முதலில் வர வேண்டும் என்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதமும் வகுக்கப்பட்டுள்ளது. மாறி மாறி வரும் திரையில் கடைப்பெயரைக் காட்டுவதானால், தமிழ்ப் பெயர் எல்லா நேரமும் நிற்கும்படி அமைப்பதே பாதுகாப்பு.

சாலையைப் பார்த்த விளம்பரப் பலகைக்கு மாநகராட்சியின் உரிமம் தேவை. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. சென்னை பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பர் 12 அன்று பேனர் சரிந்து விழுந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் இனிச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி பெறும் கட்டாயமும் உண்டு. அங்கே தூண் நட்டுப் பலகை நிறுத்த நினைப்பவர்கள் முதலில் அந்தத் துறையைக் கேட்க வேண்டும்.

திரையில் சொல்வதும் விளம்பரமே. புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்தினால் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சில்க் மார்க் சின்னத்தையும் பதிவு பெற்ற பயனாளர்களே காட்டலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி வணிகருக்கு உத்தரவிடவும், தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடம் தருகிறது. சொந்தத் தறிகளில் நெய்வித்து விற்கும் காஞ்சிபுரத்துக் கடைகளில் பல இரண்டு வகையிலும் சேரும்.

தொடங்கும் முறை

ஆவணி, தை, வைகாசி போன்ற முகூர்த்த மாதங்களில் புதிய திரையைத் தொடங்கக் கூடாது. மார்கழியில் கல்யாணம் இல்லை, கடையில் கூட்டமும் குறைவு. அப்போது ஒரே ஒரு திரையை மாட்டி, நான்கு வாரம் ஓட்டிப் பார்த்து, தை பிறப்பதற்குள் குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம். ஆடித் தள்ளுபடிக்கு முன் ஆனி மாதத்திலும் இப்படிச் செய்யலாம்.

முதல் வாரத்தில் விற்பனையாளர்களை உட்காரவைத்துக் காட்சி முழுவதையும் காட்டிவிட வேண்டும். திரை கோர்வை பற்றிச் சொல்ல, கேட்கும் வாடிக்கையாளரிடம் ஊழியர் விழித்தால் திரையே கேலிக்குரியதாகும். அவர்களில் மூத்தவர்கள் நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். படத்தில் உள்ள பிழையை முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்கள்தான்.

பயன் இருக்கிறதா என்று அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. திரையில் ஒரு வாரம் ஒரு புடவையைக் காட்டி, ‘அதை எடுங்கள்’ என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று பில் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வந்தால் போதும். அடுத்த வாரம் அதைக் காட்டாமல் இருந்து எண்ணிப் பார்க்கலாம். ‘இது கைத்தறியா, சான்று இருக்கிறதா’ என்று கேட்பவர் எண்ணிக்கை கூடினால் அதையும் குறிக்க வேண்டும். பார்ப்பவர் முகத்தைக் கேமராவால் எண்ணும் மென்பொருளை விற்க வருவார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, சிறு கடை அந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், திரைக்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருப்பது. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். தைப் பொங்கல் கழிந்த பிறகும் ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ ஓடிக்கொண்டிருந்த ஒரு கடையில், இதைப் பற்றி மூன்று பேரிடம் சொன்னேன். மூவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். பொறுப்பாளருக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். வரதராஜர் கோயில் வைகாசி கருட சேவை, காமாட்சியம்மன் கோயில் மாசித் திருவிழா, ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரம், சங்கத் தள்ளுபடித் தேதிகள் ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து, ஒவ்வொரு காட்சிக்கும் முடியும் தேதியையும் மென்பொருளில் பதிந்துவிட்டால், பழைய வாழ்த்து தானாகவே மறையும். வெள்ளி விலை ஏறி இறங்கும் காலத்தில், புடவை விலையைத் திரையில் நிலையாகப் பதிக்காமல் இருப்பது நல்லது.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். திரையின் மேல் நேரடியாகத் திரவம் தெளிக்கக் கூடாது. பட்டு நூலின் தூசு திரையின் பின்புறக் காற்றுத் துளைகளை அடைக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்துத் தூசு ஊத வேண்டும். திரைகளுக்கு 50,000 மணி நேர ஆயுள் என்பார்கள். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 11 ஆண்டுக்கு மேல் வரும். கூடவே இருக்கும் சிறிய பெட்டியும் மின்வழங்கியும் அதற்கு வெகு முன்பே பழுதாகும். ஒன்றை உபரியாக வாங்கி வைத்திருப்பது நல்லது. ஆயுள் முடிந்த திரையைப் பழைய இரும்புக் கடையில் போடாமல், மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் திரைகளை அவற்றின் சேவை மையங்கள் வழியாகவும் திருப்பிக் கொடுக்கலாம்.